ஞாயிறு படுக்கை, திங்கள் பாரம்

பிக்கப் வண்டியின் பின்தொட்டி காலியாக இருக்கும்போது உள்ளே குனிந்து பார்த்தால், பல வண்டிகளில் இரண்டு பக்கச் சுவர்களிலும் நேருக்கு நேராகச் சில பள்ளங்கள் தெரியும். தகட்டை அச்சில் அழுத்தும்போதே தொழிற்சாலையில் உண்டாக்கியவை. இரண்டு அங்குலக் கனமுள்ள மரச் சட்டத்தைக் குறுக்கே போட்டு அவற்றில் செருகினால் சட்டம் அசையாமல் நிற்கும். மூன்று நான்கு சட்டங்களை அப்படிப் போட்டுவிட்டால், தொட்டிக்குள் புடைத்துக்கொண்டிருக்கும் சக்கர மேடுகளுக்கு மேலே பிளைவுட் பலகைகளை மட்டமாக அடுக்கிக்கொண்டு போகலாம். கட்டட வேலை செய்பவர்களுக்காகச் செய்து வைத்த வசதி அது. அமெரிக்காவில் தொட்டிக்குள் படுக்கைத் தளம் கட்ட நினைக்கிற பலரும் முதலில் கைவைப்பது அந்தப் பள்ளங்களில்தான். கீழே சாமான், மேலே மெத்தை, அதற்கு மேல் ஒரு கூடு. இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இந்தச் சின்ன மேடையைச் சுற்றி நூறு வருஷக் கதை இருக்கிறது. அந்தக் கதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது: தளத்தின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அது கழன்று வருமா, வராதா என்பதுதான் மாறியிருக்கிறது.

வடிவத்துக்கான விடை, பிக்கப் பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே கிடைத்துவிட்டது. 1884-ல் வயோமிங் பகுதியின் ராலின்ஸ் ஊரில் ஜேம்ஸ் கேண்ட்லிஷ் என்ற கொல்லர் மேய்ப்பர்களுக்கென ஒரு வண்டி செய்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. குதிரை இழுக்கும் வண்டி, மேலே வளைந்த கித்தான் கூரை. உள்ளே போனால் கதவருகே இரும்பு அடுப்பு. இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு மேலே நீள பெஞ்சு. கடைசியில், வண்டியின் அகலம் முழுக்கக் குறுக்கே, இடுப்பளவு உயரத்தில் கட்டில். கட்டிலுக்குக் கீழே மாவு, உருளைக்கிழங்கு, சேணம், விறகு. கட்டிலின் அடியிலிருந்து ஒரு பலகையை வெளியே இழுத்தால் சாப்பாட்டு மேஜை. சாப்பிட்டதும் உள்ளே தள்ளிவிடலாம். மேய்ப்பர் குளிர்காலம் முழுக்க மந்தையோடு அந்த வண்டியில் தனியாகக் கிடப்பார். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள மலைநாட்டிலிருந்து வந்த பாஸ்க் மக்கள் பலர் இந்த வாழ்க்கையை வாழ்ந்தார்கள். இன்று கடையில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிற தொட்டித் தளங்களில் இருக்கிற அத்தனை யோசனைகளும் இந்த வண்டியில் இருந்தன.

இதற்கும் முன்னால், 1866-ல், டெக்சாஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் ராணுவம் கழித்துக்கட்டிய ஒரு ஸ்டூட்பேக்கர் வண்டியின் பின்முனையில் இழுப்பறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் மூடியைக் கீலில் இறக்கி ஒரு காலை ஊன்றினால் சமையல் மேஜை. மாடு ஓட்டுபவர்கள் மாதக்கணக்கில் வழியில் இருப்பார்கள், அவர்களுக்குச் சமைக்க வேண்டும், அதற்காகச் செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாடு ஓட்டியவன் தரையில் படுத்தான், அவன் சாப்பாடு மட்டும் வண்டியில் வந்தது. ஆட்டு மேய்ப்பனோ வண்டியிலேயே குடியிருந்தான். மேலே படுக்கை, கீழே சாமான் என்ற ஏற்பாடு உல்லாசப் பயணத்தில் பிறந்தது அல்ல. கூலிக்கு வேலை செய்து, வேலை செய்கிற இடத்திலேயே இரவைக் கழிக்க வேண்டியிருந்த ஒரு மனிதனின் தேவையில் பிறந்தது.

1925 ஏப்ரலில் ஃபோர்டு தன் மாடல் டி வண்டியில் எஃகுத் தொட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். அதற்கு முன்னால் விவசாயிகள் தாங்களே காரின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மரப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதுத் தொட்டியின் நீளம் 56 அங்குலம், அதாவது 4 அடி 8 அங்குலம். வளர்ந்த ஆள் கால் நீட்ட முடியாத அளவு. அந்தக் காலத்தில் காரில் ஊர் சுற்றி இரவு தங்குவது பெரிய மோகமாகப் பரவியிருந்தது. டென்வர் போன்ற நகரங்கள் அதற்கென்றே பூங்காக்களைத் திறந்துவிட்டிருந்தன. ஆனால் அங்கே வந்தவர்கள் காரை ஒட்டிக் கூடாரம் அடித்தார்கள். தொட்டிக்குள் படுக்கவில்லை.

தொட்டிக்குள்ளும் சாமான் வண்டிகளுக்குள்ளும் கூட்டம் கூட்டமாக ஆட்களைப் படுக்கவைத்தது 1930-களின் வறட்சி. ஒக்லஹோமா, டெக்சாஸ், கன்சாஸ் சமவெளிகளில் மண் புழுதியாகப் பறந்து, கடனில் நிலம் போய், குடும்பங்கள் வீட்டுச் சாமானை வண்டியில் ஏற்றி மேற்கே கிளம்பின. டாரத்தியா லாங் அரசாங்கத்துக்காக எடுத்த படங்கள் அந்த வண்டிகளை உலகுக்குக் காட்டின. அடுப்பு, வாளி, நாற்காலி, அதற்கு மேல் மெத்தை, மெத்தைக்கு மேல் பிள்ளைகள். அதுவும் ஒரு தளம்தான். யாரும் திட்டமிட்டுக் கட்டாத தளம். சாமானே சட்டமாக நின்றது.

அந்த வண்டிகளை வரவேற்க ஆளில்லை. 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரக் காவல் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ் தன் காவலர்கள் 136 பேரைக் கலிபோர்னியாவின் எல்லைகளுக்கு அனுப்பி, கையில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி விரட்டச் சொன்னார். நகரக் காவலர்களுக்கு மாநில எல்லையில் என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. சில வாரங்களில் அந்த முற்றுகை ஓய்ந்தது. ஏழைகளை மாநிலத்துக்குள் அழைத்து வருவதே குற்றம் என்ற கலிபோர்னியாச் சட்டம் மட்டும் இருந்துகொண்டிருந்தது. ஃப்ரெட் எட்வர்ட்ஸ் என்பவர், வேலையில்லாமல் இருந்த தன் மைத்துனரை டெக்சாஸின் ஸ்பர் ஊரிலிருந்து தன் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 1941 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஏழை என்பதற்காக ஒருவரை மாநில எல்லையில் தடுக்க முடியாது என்று அன்று ஏற்பட்ட முடிவு இந்தக் கதையில் பின்னாலும் தேவைப்படும்.

இனி பிளைவுட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தொட்டித் தளம் சாதாரண மனிதன் கைக்கு எட்டியது இதனால்தான். 1905-ல் ஓரிகனின் போர்ட்லண்டில் நடந்த கண்காட்சியில் மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்த பலகை காட்சிக்கு வைக்கப்பட்டது. 1928-ல் 4 அடிக்கு 8 அடி என்பது நிலையான அளவாக வந்தது. அப்போதைய பசை ஈரம் பட்டால் விட்டுவிடும், பலகை தாள்தாளாகப் பிரிந்துவிடும். 1934-ல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்தீன் ஊரில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் தண்ணீருக்கு அசையாத பசையைக் கண்டுபிடித்தார். அதன்பின் மழையிலும் பனியிலும் கிடக்கும் வண்டியில் பிளைவுட்டை நம்பிப் போடலாம் என்று ஆனது. முக்கால் அங்குலப் பலகை ஒன்று ஏறத்தாழ 32 கிலோ. அரை அங்குலம் என்றால் சுமார் 21 கிலோ. கீழே நெருக்கமாகச் சட்டம் கொடுத்தால் அரை அங்குலமே இரண்டு பேரைத் தாங்கும்.

அடுத்த திருப்பம் வண்டியில் நடந்தது. 1950-களின் நடுப்பகுதிவரை பிக்கப்பின் தொட்டி குறுகலாகச் சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், மட்கார்டு வெளியே தனியாக நிற்கும். உள்ளே மேடு பள்ளம் கிடையாது. பல வண்டிகளில் தரையே மரப்பலகைதான். 1957-ல் ஃபோர்டும் 1958-ல் செவர்லேயும் சுவர்களை வெளியே தள்ளி அகலத் தொட்டியைக் கொண்டுவந்தன. இடம் கூடியது. ஆனால் சக்கரம் இப்போது தொட்டிக்குள் வந்துவிட்டது, இரண்டு பக்கமும் மேடாக. அந்த மேடுகளுக்கு நடுவே 4 அடிப் பலகை மட்டமாகப் படுக்கும்படி பெரிய வண்டிகளில் இடம் விட்டார்கள். படுக்கிற மனிதனுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மேடுகளுக்கு நடுவே தரையிலேயே படுக்கலாம். அல்லது மேடுகளுக்கு மேலே பலகை போட்டு முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்த அன்றே கீழே ஒரு சேமிப்பறை தானாகவே கிடைத்துவிட்டது.

ஓரிகனில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான தச்சர், 1970-களில் தன் வண்டியில் இதை எப்படிச் செய்வார் என்று விளக்கிக் காட்டியிருக்கிறார். எட்டடித் தொட்டி. வாரம் முழுக்கச் சிமெண்ட், ஜன்னல் சட்டம், சாரக் கட்டைகள் ஏற்றிய வண்டி. வெள்ளிக்கிழமை மாலை தொட்டியைக் கழுவிவிட்டு, முட்டுக்கட்டைகளை நிறுத்தி, குறுக்குச் சட்டங்களைப் போட்டு, இரண்டு துண்டாக அறுத்து வைத்திருந்த பலகையை மேலே இறக்குவார். ஆணி அடிக்க மாட்டார். எல்லாம் போல்ட், அதிலும் கையால் திருகுகிற நட்டு. பின்பக்கத்திலிருந்து எட்டிப் பிடிக்க முடிகிற இடத்தில் சமையல் பெட்டி. எட்டாத ஆழத்தில் கூடாரமும் மீன்பிடி சாமானும். ஐஸ் பெட்டி எப்போதும் வலப்பக்க ஓரத்தில், உருகிய தண்ணீர் வடிந்தால் தொட்டியின் ஓட்டை வழியாகவே போய்விடும். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிடுவார். "திங்கட்கிழமை காலையில் ஏழு மணிக்கு எனக்கு அந்தத் தொட்டி காலியாக வேண்டும்" என்றார். அந்த ஒரே நிபந்தனைதான் அவருடைய தளத்தின் அத்தனை மூட்டுகளையும் தீர்மானித்திருந்தது. கழற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஆள் தூக்குகிற எடை. ஒரு ஆள் தூக்க வேண்டும் என்பதால் மெல்லிய பலகை. மெல்லிய பலகை என்பதால் நெருக்கமான சட்டம். ஒரு வேலையாளின் வாரம் அந்த மரத்தில் அப்படியே பதிந்திருந்தது.

மேலே மூடுகிற கூடும் அந்தக் காலத்தில் மாறியது. முதலில் கித்தான், பிறகு அலுமினியத் தகடு, 1970-களில் கண்ணாடியிழை. அப்படிப்பட்ட கூடுகளைச் செய்யும் லியர் நிறுவனம் 1971-ல் இண்டியானாவின் எல்கார்ட்டில் தொடங்கியது. எல்கார்ட் ஏற்கெனவே வீட்டு வண்டிகள் செய்யும் தொழிலுக்குப் பேர்போன ஊர். வசதி உள்ளவர்கள் தளமெல்லாம் கட்டாமல் முழு அறையையே தொட்டியில் ஏற்றிக்கொண்டார்கள். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960 இலையுதிர்காலத்தில் அப்படி ஓர் அறை ஏற்றிய ஜிஎம்சி பிக்கப்பில் சார்லி என்ற நாயோடு சுமார் 10,000 மைல் சுற்றினார். ரோசினான்டே என்று அவர் பெயர் வைத்த அந்த வண்டி இன்றும் கலிபோர்னியாவின் சலினாஸில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த அறை வேறு வகை, இங்கே அதைத் தொடர வேண்டாம்.

கண்ணாடியிழைக் கூட்டைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லியாக வேண்டும். கித்தான் காற்றை விடும்; இது விடாது. இரண்டு பேர் இரவெல்லாம் விடுகிற மூச்சின் ஈரம் கூரையில் துளித்துளியாகக் கோத்து விடியற்காலையில் மெத்தையில் சொட்டும். மெத்தைக்கு அடியில் பலகை பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பலகையில் வரிசையாகத் துளை போடுகிறார்கள், அல்லது முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்டுப் பட்டைகளை அடிக்கிறார்கள். ஜன்னலைக் குளிரிலும் ஒரு விரல் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். மூடிய கூட்டுக்குள் கேஸ் அடுப்பையோ கணப்பையோ எரியவிட்டுத் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடால் மாண்டிருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேய்ப்பர் வண்டியில் அடுப்பு எரிந்தது உண்மை, ஆனால் அதற்குப் புகைக்குழாய் இருந்தது, கித்தானில் ஆயிரம் இடுக்கு இருந்தது. இன்று மின்கலத்தில் ஓடும் வாயு எச்சரிக்கைக் கருவி சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது. புதுக் காலம் தந்த பொருள்களில் நான் முதலிடம் தருவது அதற்குத்தான். மற்ற எதுவும் அதற்குப் பிறகு.

வண்டி எப்போது சுருங்கியது? நேராகச் சொன்னால், வண்டி சுருங்கவில்லை, தொட்டி சுருங்கியது. இன்டர்நேஷனல் நிறுவனம் 1957-லேயே இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்பை விற்றது. ஆனாலும் அது நெடுங்காலம் தொழில் கூட்டங்களை ஏற்றிப்போகிற வண்டியாகவே இருந்தது. பிக்கப் குடும்ப வண்டியாக மாறிய பின்புதான் நான்கு கதவு எல்லார் வாசலிலும் வந்து நின்றது. ஃபோர்டின் எஃப் வரிசையின் பழைய வண்டிகளில், ஓட்டுநர் அறையும் தொட்டியும் சேர்ந்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொட்டி. இன்று பரவலாக விற்கும் வண்டிகளில் அது தலைகீழ்: மூன்றில் இரண்டு பங்கு மனிதர்கள் உட்காரும் இடம், மீதி தொட்டி. எட்டடித் தொட்டி கேட்டால் பல கடைகளில் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஐந்தரை அடிதான் சாதாரணம். டொயோட்டா டக்கோமாவின் சிறிய தொட்டி ஏறத்தாழ 5 அடி.

ஐந்தடித் தொட்டியில் ஆறடி மனிதன் எப்படிப் படுப்பான்? இந்தக் கேள்விதான் இன்றைய தளக் கட்டுமானத்தின் பாதி. மூலைக்கு மூலை சாய்வாகப் படுக்கலாம், அப்போது ஒருவருக்குத்தான் இடம். பின்கதவை இறக்கிவிட்டு அதன் மேல் வரை தளத்தை நீட்டலாம். அப்போது கூட்டின் கண்ணாடிக் கதவு மூடாது, கால்பக்கம் துணியால் மறைக்க வேண்டும். தளத்தின் முனையில் கீல் வைத்து மடக்குப் பலகை சேர்க்கலாம். பகலில் மடித்து வைத்து இரவில் விரிப்பது. இந்த மூன்றாவது வழியில் சிலர் காட்டும் கைத்திறன் எனக்குப் பெரிய மரியாதையை உண்டாக்குகிறது. மடக்குக் கால் எந்த இடத்தில் ஊன்றும், அது பின்கதவின் எந்த மடிப்பில் உட்காரும், கதவு எவ்வளவு எடை தாங்கும் என்பதையெல்லாம் அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி வைத்துப் பார்த்துச் செய்கிறார்கள்.

நீளத்துக்கு வழி கண்டாலும் உயரம் விடாது. தொட்டியின் ஆழம் ஏறத்தாழ 20 அங்குலம். ஓட்டுநர் அறைக் கூரையின் மட்டத்துக்கு நிற்கும் கூடு இன்னொரு 20 தரும். ஆக 40. உட்கார்ந்த மனிதனுக்கு 36 அங்குலமாவது வேண்டும். தளத்தை 12 அங்குலம் உயர்த்தி 4 அங்குல மெத்தை போட்டால் மிச்சம் 24. படுக்கலாம், புரளலாம், உட்கார முடியாது. மழை நாளில் சட்டை மாற்றுவதுகூடப் படுத்தபடிதான். கீழே கூட்டும் ஒவ்வொரு அங்குலமும் மேலே கழிகிறது. பழைய நீளத் தொட்டியில் இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கவில்லை. சாமானை முன்பக்கம் தள்ளிவிட்டுத் தரையோடு படுத்துவிடலாம். இப்போது நீளத்தில் இடம் இல்லாததால் சாமான் உடம்புக்குக் கீழேயே போயாக வேண்டும், உடம்பு கூரையை நோக்கி ஏறியாக வேண்டும். தளம் இவ்வளவு நுணுக்கமானதற்குக் காரணம் கட்டுபவர்களின் ஆசை என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசிக் காரணம் ஓட்டுநர் அறை.

இந்த நெருக்கடியில்தான் கடைச் சரக்கு உள்ளே வந்தது. ஐடஹோ மாநிலத்தின் டெக்ட் நிறுவனம் விற்கும் தளத்தில் தொட்டியின் நீளம் முழுக்க இரண்டு பெரிய இழுப்பறைகள். ஒவ்வொன்றும் 200 பவுண்டு ஏற்கும். மேல்தளம் 2,000 பவுண்டு தாங்கும். ஆழத்தில் இருக்கிற பொருளை எடுக்க மண்டியிட்டு ஊர்ந்து போகும் பழைய தொல்லை ஒரே இழுப்பில் தீர்ந்துவிடுகிறது. வேறு சிலர் அலுமினியக் கம்பிகளைக் கோத்துச் சட்டம் கட்டுகிறார்கள். பின்கதவருகே தண்டவாளத்தில் வெளியே வரும் குளிர்பெட்டி, அதற்கு லித்தியம் மின்கலம், கூரையில் சூரியத் தகடு. 1954-ல் கோல்மன் நிறுவனம் எஃகு ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தபோது அதுவே பெரிய சங்கதி. இன்று பாலைவனத்தின் நடுவில் நான்காம் நாளும் பால் கெடாமல் இருக்கிறது.

இவற்றால் வந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதுகு வலியுள்ளவர்கள், தச்சு தெரியாதவர்கள், தனியாகப் பயணம் போகும் பெண்கள் எனப் பலருக்கு இந்த வாழ்க்கை இன்று எட்டுகிறது. ஆனால் தொட்டியோடு தொட்டியாகப் பூட்டப்பட்ட இந்தத் தளங்கள் திங்கட்கிழமை கழலுவதில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் பலருக்கு இல்லை, தொட்டிக்கு வேறு வேலை கொடுக்காததால். இதில்தான் எனக்கு மனக்குறை. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தால் தெரியும்: டக்கோமா போன்ற வண்டி ஆளும் சாமானும் சேர்த்து ஏற்கும் எடை ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கூடு, இழுப்பறைத் தளம், மின்கலம், குளிர்பெட்டி, தண்ணீர் எல்லாம் ஏறியபின் இரண்டு பேர் உட்கார்ந்தாலே அந்த எல்லையை நெருங்கிவிடுகிறார்கள். சில வண்டிகளின் பின்பக்கம் அமுங்கிப்போய், அதைத் தூக்கி நிறுத்த வலுவான ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறார்கள். ஸ்பிரிங் மாற்றினாலும் தாளில் இருக்கும் எண் மாறாது. வருஷம் முழுக்க ஒரு படுக்கையைச் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கும் மளிகைக்கடைக்கும் போய்வரும் வண்டி, பெட்ரோலையும் பிரேக்கையும் டயரையும் அந்தப் படுக்கைக்காகச் செலவழிக்கிறது.

நானாக இருந்தால், புதிதாகக் கட்டப்போகிறவர்களிடம் முதல் வருஷம் இழுப்பறை வாங்காதீர்கள் என்பேன். நான்கு பிளாஸ்டிக் பெட்டியும் இரண்டு பிளைவுட் பலகையும் போதும். எந்தப் பெட்டியை அடிக்கடி திறக்கிறீர்கள், எதை ஒருமுறைகூடத் தொடவில்லை என்று ஒரு கோடை சொல்லிக் கொடுத்துவிடும். அதன்பின் கட்டுகிற தளம் பாதி எடையில் முடியும். தளத்தைத் தொட்டியின் கொக்கிகளோடு இறுக்கிக் கட்டுவதை மட்டும் முதல் நாளே செய்துவிட வேண்டும். மோதல் நேர்ந்தால் கட்டாத பலகை முன்னால் பாய்ந்துவரும்.

விடுமுறைக்காகக் கட்டப்படும் தளங்கள் இப்படி வளர்ந்துகொண்டிருக்க, அதே தொட்டியில் இன்னொரு வகை மனிதர்களும் படுக்கிறார்கள். வாடகை கட்ட முடியாதவர்கள். ஜெசிகா புரூடர் 2017-ல் வெளியிட்ட ‘நோமட்லேண்ட்’ புத்தகம் வண்டிகளில் வாழ்ந்துகொண்டு பருவ வேலைக்கு ஊர் ஊராகப் போகும் முதியவர்களைப் பற்றியது. அதிலிருந்து எடுத்த படம் 2021-ல் ஆஸ்கர் வாங்கியது. மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையிடம் 24 கோடி ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் 28 நாளில் 14 நாள் காசில்லாமல் வண்டியை நிறுத்திப் படுக்கலாம், பிறகு இடம் மாற வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரருகே குளிர்காலம் முழுக்கத் தங்க அனுமதிச் சீட்டு உண்டு. ஆனால் வேலை இருப்பது பாலைவனத்தில் இல்லை, நகரத்தில். நகரத்தில் படுக்கும்போதுதான் கேள்வி வருகிறது: இது வண்டியா, வீடா?

லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் 1983-ல் போட்ட ஒரு விதி, வண்டியைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. எது குடியிருப்பு என்று அதில் விளக்கம் இல்லை. போர்வை, துணிமூட்டை, சாப்பாட்டுப் பொருள் இவை உள்ளே இருந்தால் காவலர்கள் வழக்குப் போட்டார்கள். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. முகாமுக்குப் போகிற வழியில் இருப்பவரையும் அதே விதியில் பிடிக்கலாம் என்ற அளவுக்கு அது தெளிவற்றது என்று சுட்டிக்காட்டியது. ஒரே மாதிரி இரண்டு தளங்கள், ஒரே மெத்தை, ஒரே பெட்டிகள். ஒருவர் யாத்ரீகர், மற்றவர் குற்றவாளி. ஆனால் 2024 ஜூன் 28 அன்று, ஓரிகனின் கிரான்ட்ஸ் பாஸ் ஊர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில், பொது இடத்தில் தங்கி உறங்குவதை ஊர்கள் தண்டிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த ஊர் விதியின் வரையறைக்குள் வண்டியில் விரித்த படுக்கையும் வந்தது. 1941-ல் எல்லையில் தடுக்கக் கூடாது என்று ஆன மனிதருக்கு, எல்லைக்கு உள்ளே வந்து எங்கே கண் மூடுவது என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

சில ஊர்கள் வேறு வழி பார்த்தன. கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் 2004 முதல் தேவாலயங்களும் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தங்கள் வாகன நிறுத்தங்களை இரவில் இப்படிப்பட்டவர்களுக்குத் திறந்துவிடுகின்றன. இரவில் வரலாம், காலையில் கிளம்பிவிட வேண்டும். வேறு பல நகரங்களும் பிறகு இதைப் பின்பற்றின. இப்படித் தங்குபவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். பெயிண்ட் அடிப்பவர், தோட்டம் வெட்டுபவர், கூரை போடுபவர். இவர்களிடம் ஒரே வண்டிதான், அந்த வண்டியின் தொட்டி பகலில் காலியாக வேண்டும். ஏணி ஏற வேண்டும், வெட்டிய கிளைகள் ஏற வேண்டும். இழுப்பறைத் தளம் இவர்களுக்கு உதவாது, அதன் விலையும் கட்டுப்படியாகாது. ஆகவே இவர்கள் தங்கள் கையால் கட்டுகிறார்கள், கழற்றக் கட்டுகிறார்கள்.

நான் பார்த்த அப்படிப்பட்ட ஒரு தளம் மூன்று துண்டு. அரை அங்குலப் பலகை, அடியில் பசை போட்டு ஒட்டிய பட்டைகள். துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு பலகையின் ஓரம் அடுத்ததன் கீழே அரை அங்குலம் நுழைந்து உட்காரும்படி அதைக் கட்டியவர் இழைத்திருந்தார், அதனால் நடுவில் பிளவு முதுகை உறுத்தாது. கால்கள் கிடையாது, தொட்டிச் சுவரின் பள்ளங்களில் செருகிய குறுக்குச் சட்டங்களே தாங்கின. காலையில் மூன்று பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போய்விடும், மெத்தை சுருண்டு அதன் மேல். குடும்பத்தின் சான்றிதழ்களும் மாற்றுத் துணியும் மட்டும் முன்முனையில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டியில் அப்படியே இருக்கும், அதற்கு மேல் பெயிண்ட் வாளிகள். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். கழற்ற நான்கு நிமிஷம், மாட்ட ஆறு என்றார். மழை பெய்தால் பலகை ஊறி இறுகிவிடும், அப்போது இன்னும் கொஞ்சம் கூடும், அதற்காக அடுத்த முறை ஓரங்களில் மெழுகு தடவப்போவதாகவும் சொன்னார்.